தீட்டுத் துணியோடு போன புத்தகம்

அமிர்தவல்லி டீச்சருக்குச் செஞ்சியில் பாதிப் பெண்களின் ரவிக்கை அளவு மனப்பாடம். ஒரு வீட்டு விசேஷத்துக்கும் அழைப்பு மட்டும் கிடையாது. பெண்கள் பள்ளியில் தையல் டீச்சர். வல்லத்தில் வாழ்க்கைப்பட்டு, இருபது வயதிலேயே புருஷனைப் பறிகொடுத்துவிட்டு, ஒரு தையல் மிஷினோடு இங்கே வந்தவர். பெரியவளான பெண்ணுக்குச் சடங்கன்று போடுகிற பட்டுப் பாவாடையை அவர் தைத்துத் தரவேண்டும், சடங்கு நடக்கிற கூடத்தில் அவர் நிழல்கூட விழக்கூடாது. நல்ல நியாயம்!

எங்கள் வீட்டை நடுவில் சுவர் வைத்து இரண்டாக்கி, ஒரு பாதியில் அவரைக் குடிவைத்திருந்தோம். நைனா கடைத்தெருவில் மளிகை வைத்திருந்தார். தெருவில் எங்காவது சடங்கு மேளம் கேட்டால் போதும், சுவருக்கு அந்தப் பக்கம் தையல் மிஷின் ஓட ஆரம்பித்துவிடும். அவசரத் தையல் போலிருக்கு என்பாள் அம்மா. ஒரு தடவை எட்டிப் பார்த்தேன். மிஷினில் நூலே கோத்திருக்கவில்லை.

நான் பெரியவளானது அறுபத்து மூன்றில். முந்தின நாள்தான் பள்ளிக்கூடத்தில் எங்களை ராஜகிரிக் கோட்டைக்கு ஏற்றியிருந்தார்கள். பாவாடையில் ரத்தத்தைப் பார்த்ததும், மலை ஏறினதில் உள்ளே ஏதோ அறுந்துவிட்டது, இனிப் பிழைக்கமாட்டேன் என்று முடிவு கட்டிவிட்டேன். அம்மா வீட்டில் இல்லை. குளிக்கிற அறையில் தாழ் போட்டுக்கொண்டு, ரத்தம் ரத்தம் என்று அழுதேன். கிணற்றடி இரண்டு வீட்டுக்கும் பொது. தண்ணீர் எடுக்க வந்த டீச்சர் கதவுக்கு வெளியே நின்று, "பயப்படாதம்மா. அடி ஒண்ணும் படல. எல்லாப் பொண்ணுங்களுக்கும் வர்றதுதான்" என்றார். அம்மா வருகிற சத்தம் கேட்டதும் ஓசைப்படாமல் தன் பக்கம் போய்விட்டார். அன்றைக்கு நான் முதலில் அவர் முகத்தில் விழித்துவிட்டால் ஆகாதாம். அம்மாவோ எதையும் விளக்கவில்லை. மூலையில் உட்காரவைத்தாள், உளுந்தங்களி கிண்டிப் போட்டாள், அதோடு சரி.

அதற்குப் பிறகுதான் டீச்சர் அந்தப் புத்தகத்தில் இறங்கினார். வகுப்பில் இந்தப் பேச்சே கூடாது என்று பெரிய டீச்சர் சொல்லிவிட்டார். காகிதத்தில் படம் போட்டுக் கொடுக்கலாமென்றால், காகிதம் சரஸ்வதி, தீட்டோடு தொட்டால் பாவம். துணியைத் தொடாதே என்று எவளும் சொல்லமுடியாதே! தம் பழைய நீலப் புடவையைப் பக்கம் பக்கமாக வெட்டினார். ஆஸ்பத்திரி நர்ஸிடம் கேட்டுக் கேட்டு, மாதக்கணக்கில் தைத்தார்.

முதல் பக்கத்தில் இரட்டைச் சடைப் பெண் ஒருத்தி, மார்பு லேசாக அரும்பியிருக்கும். அடுத்த பக்கத்தில் அவள் வயிற்றுக்குள் ரோஸ் துணியில் கர்ப்பப்பை, கவிழ்த்துவைத்த கொய்யாப்பழம் மாதிரி. அதிலிருந்து சிவப்பு நூல் இறங்கும். துணியை எப்படி மடிப்பது, எப்படிக் கட்டுவது என்று நிஜ நாடா வைத்தே ஒரு பக்கம். துவைத்த துணியைக் கூரை இடுக்கில் ஒளிக்காமல் வெயிலில் போடு என்று இன்னொன்று. கடைசியில் அதே பெண் பாண்டி ஆடுகிறாள். 'இது நோய் இல்லை' என்று கீழே சங்கிலித் தையலில் எழுத்து. மூலையில் சின்னதாக ஒரு 'அ'. அது அவருடைய பெயரின் முதல் எழுத்து.

மறு வருஷம் என் தங்கை மங்கை உட்கார்ந்தாள். டீச்சர் கொடுத்த புத்தகத்தை அம்மாவுக்குத் தெரியாமல் அவளிடம் சேர்த்தேன். கழுதை, என்னைப் போல ஒரு சொட்டு அழவில்லை. மூலையில் சாய்ந்துகொண்டு அந்த நாடாவைக் கட்டுவதும் அவிழ்ப்பதுமாக இருந்தாள்.

சடங்கன்று காலையில் சலவைக்கார உண்ணாமலை வந்தாள். தீட்டு நாளில் பெண் தொட்ட துணியெல்லாம் அவளுக்குச் சேரவேண்டும், பதிலுக்கு அவள் வெளுத்த மாற்றுத்துணி கொண்டுவருவாள். அதுதான் வழக்கம். அம்மா பாவாடை, போர்வையோடு புத்தகத்தையும் சேர்த்து வாரிப் போட்டாள். அது புத்தகம் என்று நான் கத்தினேன்.

"துணிதானேடி. தொட்டது தொட்டதுதான்."

துணி என்றால் யாரும் குறை சொல்லமாட்டார்கள் என்று டீச்சர் நினைத்தாரே, அந்தச் சாமர்த்தியம் அவர் தலையிலேயே விடிந்தது. வாசலில் மேளம் கொட்டியது. சுவருக்கு அந்தப் பக்கம் மிஷின் ஓடியது.

சாயங்காலம் கிணற்றடியில் டீச்சர் புத்தகம் எங்கே என்று கேட்டார். சொன்னேன். உண்ணாமலையிடம் கேட்டு வாங்கலாமே என்றதற்கு, "எந்த மொகத்தோட கேக்கறது? கூலிக்குத் தச்ச பாவாடை வேற. நானா குடுத்தது மூலையில இருந்த பொண்ணு கையில இருந்துதுன்னு தெரிஞ்சா உங்கம்மா மனசு என்ன பாடுபடும்" என்றார். இழுத்த தண்ணீரைக் கிணற்றிலேயே திருப்பி ஊற்றிவிட்டு உள்ளே போய்விட்டார். அப்புறம் இன்னொன்று தைக்க அவருக்குக் கை வரவில்லை. பள்ளிக்கூடம், மிஷின், ஒற்றை ஆளுக்கு உலை. கதவைச் சாத்திக்கொண்டால் மறுநாள் காலையில்தான் திறப்பார். எனக்கு அம்மா மேல் வந்த கோபம் இன்னும் முழுசாகத் தீரவில்லை.

இரண்டு வருஷம் போனது. ஒரு நாள் உண்ணாமலை அழுக்கெடுக்க வந்தவள், மூட்டைக்குள்ளிருந்து அந்தப் புத்தகத்தை எடுத்து டீச்சரிடம் நீட்டினாள். நான் கிணற்றடியில்தான் இருந்தேன். துவைத்துத் துவைத்து நீலம் போய் நைந்திருந்தது. அவள் பெண் அதைப் படித்துக் காட்டினாளாம். அன்றிலிருந்து எந்த வீட்டில் பெண் உட்கார்ந்தாலும், மாற்றுத்துணி மடிப்புக்குள் வைத்துக் கொண்டுபோய் அந்தப் பெண் கையில் கொடுத்து, தீட்டுத் துணியோடு திரும்ப எடுத்து வந்திருக்கிறாள்.

"கிழிஞ்சிபோச்சி டீச்சரம்மா. இன்னொண்ணு தச்சிக் குடுங்க."

நான் தைத்தது என்று எப்படித் தெரியும் என்றார் டீச்சர். உங்கள் நீலப் புடவையை எத்தனை தடவை துவைத்திருக்கிறேன், எனக்குத் தெரியாதா என்றாள் அவள்.

பக்கங்களின் ஓரமெல்லாம், துவைத்தாலும் போகாத சேங்கொட்டை மையில் சலவைக் குறிகள். ஒவ்வொரு வீட்டுத் துணிக்கும் ஒரு குறி உண்டே, புத்தகம் போன வீட்டுக் குறியையெல்லாம் இதிலும் போட்டுவைத்திருந்தாள். டீச்சர் விரல் வைத்துக் கேட்டுக்கொண்டே போனார். இது சிங்கவரத்து வீடு, இது எண்ணெய்க்கடைக்காரர் வீடு என்று அவள் சொல்லிக்கொண்டே வந்தாள். எல்லாம் டீச்சர் பாவாடை தைத்துக் கொடுத்த வீடுகள், படி ஏறாத வீடுகள். கடைசிப் பக்கத்துக்கு வந்ததும் விரல் நின்றது. 'அ' இருந்த இடத்தில் ஊசித் துளைகள்தான் இருந்தன.

"நான்தான் பிரிச்சேன்" என்றாள் உண்ணாமலை. "யாரு தச்சதுன்னு கேக்கறாங்க. உங்க பேரச் சொன்னா வாசப்படி தாண்ட வுடமாட்டாங்கம்மா."

டீச்சர் கோபித்துக்கொள்ளவில்லை. ரொம்ப நேரம் அந்தத் துளைகளைத் தடவிக்கொண்டிருந்தார்.

அடுத்த மாதமே புதுப் புத்தகம் தயார். இந்தத் தடவை பச்சைப் புடவை. மூலையில் எழுத்து இல்லை. கொடுக்கும்போது, "நம்ம வீட்டுக் குறிய மட்டும் போட்டுடு உண்ணாமலை" என்றார். அவர் துணிகளுக்கு அவள் போடுவது இரண்டு புள்ளியும் கீழே ஒரு கோடும். அதை அந்த மூலையிலேயே போட்டாள். அது யார் வீட்டுக் குறி என்று ஊரில் அவளைத் தவிர யாருக்கும் தெரியாது. மை காய்ந்த பிறகும் டீச்சர் ஊதிக்கொண்டே இருந்தார்.

சில நாள் கழித்துப் பக்கத்துத் தெருவில் மேளம் கொட்டியது. டீச்சர் என்னைக் கூப்பிட்டு, உண்ணாமலை அந்த வீட்டுக்குப் போயிருக்கிறாளா என்று கேட்டார். போயிருக்கிறாள் என்றேன். அவர் கதவைச் சாத்திக்கொண்டார். மேளம் நிற்கிறவரைக்கும் சுவரோரம் காதை வைத்துக்கொண்டு இருந்தேன். மிஷின் ஓடவே இல்லை.