ப்ளாக்கில் போட்ட சாவு சேதி

நான் எழுதறத யாரும் படிக்கல. இப்ப இத சாதாரணமா சொல்லிட்டேன். அப்போ இதுதான் எனக்கு வயித்தெரிச்சல்.

ஒரகடத்துப் பக்கம் ஒரு கம்பெனியில எனக்கு ஷிப்ட் வேலை. கம்பெனி பஸ்ல போற வர நேரத்துல போன்லயே தட்டித் தட்டி ஒரு ப்ளாக் நடத்தினேன். உத்திரமேரூர்னா எல்லாரும் குடவோலைக் கல்வெட்டத்தான் எழுதறாங்க, நாம மத்தத எழுதுவோம்னு ஒரு திமிரு. எங்க காலனிக்குள்ள பஸ் வராத கதை, ஏரித் தண்ணி தொறக்கறப்போ நடக்கற சண்டை, புள்ளலூர்ல பல்லவனும் சாளுக்கியனும் வெட்டிக்கின மண்ணுல இப்ப வேர்க்கடலை வெளையறது, இப்படி. புள்ளலூருக்கு லீவு போட்டுட்டுப் போய் அலைஞ்சி எழுதினேன். படிச்சது மூணு பேரு. அந்த மூணுல ரெண்டு நானே தொறந்து பாத்தது.

ஆள் சேக்க என்னென்ன வழி சொன்னாங்களோ எல்லாம் செஞ்சேன். தலைப்ப மாத்தினேன். படம் சேத்தேன். ஊர் வாட்ஸப் குரூப்புல குட்மார்னிங் ரோசாப்பூவுக்குக் கீழ தினமும் என் லிங்கப் போட்டேன். கும்புடு பொம்மை வரும். "படிச்சியாடா?"ன்னு கேட்டா, "டைம் இல்லண்ணா, அப்பறமா"ம்பாங்க. மூணு மணி நேரம் கிரிக்கெட் பாக்கறவனுக்கு டைம் இல்லையாம். எரிச்சலா வரும்.

அப்போ ஊர்த்தெருவுல ரிட்டயர்டான கண்டக்டர் ஒருத்தர் செத்துப்போனாரு. ஊர்த்தெருன்னா நெலம் வெச்சிருக்கறவங்க இருக்கற பக்கம். ரோட்டுக்கு இந்தாண்ட இருக்கற காலனிக்காரங்க நாங்க, தலைமுறையா அவங்க நெலத்துல கூலிக்குப் போனவங்க. அந்தக் கண்டக்டர் மட்டும் நாங்க ஸ்கூலுக்கு ஓடி வர்றதப் பாத்தா விசில் ஊதாம பஸ்ஸ நிறுத்தி வெப்பாரு. மனசு கேக்கல. அத எழுதி, அவரு படத்தப் போட்டு, எத்தினி மணிக்கு எடுக்கறாங்கன்னு கீழ சேத்துட்டேன்.

சாயங்காலம் பாத்தா ப்ளாக் பொங்கிக்கினு இருக்குது. சிங்கப்பூர்லேந்து படிச்சிருக்காங்க, துபாய்லேந்து படிச்சிருக்காங்க. "அழுதுட்டேன் தம்பி"ன்னு முன்னப் பின்ன தெரியாதவரு எழுதியிருந்தாரு. எனக்குக் கையெல்லாம் சிலுத்துப் போச்சு. சாவு வீட்டப் பாத்து சந்தோசப்பட்டவன் நானாத்தான் இருப்பேன்.

அதுலேந்து யாரு செத்தாலும் எனக்குப் படம் வந்துடும். வயசு, புள்ளைங்க எத்தினி, எப்ப எடுக்கறாங்க. மாகறல், பழையசீவரம் வரைக்கும் என் ப்ளாக்கப் பாத்து மாலை வாங்கிக்கினு கெளம்பினாங்க. ஷிப்ட் நடுவுல பாத்ரூம் போற மாதிரிப் போய் நின்னுக்கினு அடிச்சி அனுப்புவேன். சாவோட சாவா என் மத்த எழுத்தையும் படிப்பாங்கன்னு ஒரு நப்பாசை.

நடுவுல எங்க காலனியில ஒரு அம்மா போயிட்டாங்க. ஊர்த்தெருவுல அவங்க நாத்து நடாத நெலம் கெடையாது. மத்த எல்லாத்தையும் விட அத நல்லா எழுதினேன், சத்தியமா. காலனிப் பசங்க படிச்சாங்க. ஊர் குரூப்புல ஒரு கும்புடு பொம்மை கூட விழல. ஞாயித்துக்கெழமை, யாரும் பாத்திருக்க மாட்டாங்கன்னு எனக்கு நானே சொல்லிக்கினேன்.

எங்க நைனாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. நான் போன்ல என்னமோ பண்றேன்றது மட்டுந்தான் தெரியும். ஒரு நாள் காலைல டீக்கடைக்குப் போன மனுசன் சீக்கிரமே திரும்பி வந்து சொவுத்தப் பாத்து உக்காந்துட்டாரு. நாஷ்டா வெச்சேன், தொடல.

"இன்னா நைனா, ஒடம்பு செரியில்லையா?"

"டீக்கடையில ஊர்த்தெரு பெரிய வூட்டுக்காரரு பையன் சொல்றான். 'நீ வுட்டுட்ட, உம்மவன் புடிச்சிக்கினான். நல்லா சேதி சொல்றாண்டா'ன்னு. எல்லாரும் சிரிக்கிறானுங்க. நீ இன்னாடா பண்ணிக்கினு கீற?"

அவன் நைனாவுக்கு மகன் வயசு. அவன் வாயில 'டா'.

இத சொல்லியாகணும். போன் இல்லாத காலத்துல ஊர்த்தெருவுல சாவு வுழுந்தா, வெளியூர்ச் சொந்தக்காரங்களுக்குப் போய் சேதி சொல்றது காலனிக்காரன் வேலை. கேக்கறதில்ல, போடான்னா போகணும். எங்க தாத்தா போனாரு, நைனா போனாரு. நான் சின்னப்புள்ளையா இருக்கறப்போ, ஒரு சித்திரை வெயில்ல செய்யாத்து மணல்ல நடந்து மாகறலுக்குப் போனவரு, தண்ணிய டம்ளர்ல குடுக்காம கையில ஊத்துனாங்கன்னு குடிக்காமயே திரும்பி வந்தாரு. "இனிமே யாரு செத்தாலும் நான் போமாட்டேன்"னு பெரிய வூட்டுக்காரரு முன்னால போய்ச் சொன்னாரு. அந்த வருசம் எங்க வீட்டுக்கு ஒருத்தரும் வேலை குடுக்கல. அம்மா செங்கல் சூளைக்குப் போனாங்க. அங்க கெட்ட ஒடம்பு கடைசி வரைக்கும் தேறல.

இதெல்லாம் எனக்குத் தெரியும். தெரிஞ்சிதான் போன்ல தட்டிக்கினு இருந்தேன். வெயில்ல நடக்கறதுக்கும் இதுக்கும் சம்பந்தம் இருக்கும்னு என் மண்டையில ஏறவேயில்ல. அப்பவும் வாயக் குடுத்தேன்: "நைனா, இது வேற. என்ன யாரும் போடான்னு வெரட்டல. நானா எழுதறேன்."

ரெண்டு நாள் அவரு என்னாண்ட பேசல. நான் ப்ளாக்க நிறுத்தவும் இல்ல. படிக்கிறவங்கள வுட மனசு வரல.

அந்த வாரமே பெரிய வூட்டுக்காரரு செத்தாரு. நைனாவுக்கு வேலை குடுக்காதீங்கன்னு அன்னிக்கு வீடு வீடா சொன்னவரு. டீக்கடையில சிரிச்ச பையன் படத்த அனுப்பினான். நான் போனக் கையில வெச்சிக்கினு உக்காந்திருந்தேன். இத போட்டா எப்பவும் வராத கூட்டம் வரும், எனக்குத் தெரியும். தலைப்பக் கூட அடிச்சிட்டேன். கொஞ்ச நேரத்துல போன் வந்துது.

"இன்னாடா, இன்னும் போடல? சொல்லி எவ்ளோ நேரமாவுது? சொந்தக்காரனுங்க வர்றதில்லையா? சீக்கிரம் போடு."

அப்பன் செத்த துக்கத்துல இருக்கறவன்தான். பாவந்தான். ஆனா அந்தக் கொரல்ல துக்கம் இல்ல, உத்தரவு இருந்துது. என்ன யாரும் வெரட்டலன்னு சொன்ன என் எதிர்லயே நைனா உக்காந்திருந்தாரு. ஸ்பீக்கர் போடாமலே அவருக்குக் கேட்டிருக்கும்.

"போடமாட்டேண்ணா. இனிமே யாரு சாவும் போடமாட்டேன்"னேன்.

அவன் என்னென்னவோ திட்டினான். அத இங்க எழுத வேணாம். ஊர் குரூப்புலேந்து தூக்கிட்டாங்க. ப்ளாக்குக்கு வந்த கூட்டம் அந்த மாசமே கலைஞ்சி போச்சு. பஸ்ல அந்த வெறும் பக்கத்தத் தொறந்து தொறந்து பாப்பேன். அழுகை வரும், மறைக்க மாட்டேன்.

அப்பறம் ஒரு நாள் நைனாவாண்ட கேட்டேன்: "நீ சேதி கொண்டுக்கினு நடந்தத எழுதவா?"

"எழுது. யாரு செத்தாங்கன்றது வேணாம், அதான் அவங்க பேர சமாதிக் கல்லுலயே எழுதி வெச்சிக்கினாங்களே. நான் போய் வாசலாண்ட நின்னா, 'ஆளு வந்துக்கீது'ன்னு உள்ள சொல்லுவாங்க. யாருன்னு ஒருத்தன் கேட்டதில்ல. எம்பேரப் போடு. எங்கப்பன் பேரயும் போடு."

போட்டேன். ரெண்டு பேரையும் முழுசா, இனிஷியலோட. எழுதி முடிச்சி அவருக்குப் படிச்சிக் காட்டினேன். வெயில், மணல், தண்ணி எல்லாத்தையும் யாரு கதையோ மாதிரி கேட்டுக்கினு இருந்தாரு. பேரு வந்த எடத்துல கைய நீட்டி என்ன நிறுத்தினாரு.

"அத இன்னொரு தபா படி"ன்னாரு.