மாஸ்ரர் சொல்லாத பெயர்

உரோமில் பேரரசர்கள் வந்த பிறகும் செனட் சபை கலைக்கப்படவில்லை என்று மாஸ்ரர் சொன்னபோது, நான் அதை ஆங்கிலத்தில் சொல்லிவிட்டு அவரை நிமிர்ந்து பார்த்தேன். தொண்ணூறுகளின் தொடக்கம். ரொறன்ரோ நகர நடுவில், ஜன்னல் இல்லாத ஓர் அறை. அகதி விசாரணைகளில் நான் மொழிபெயர்ப்பாளராக இருந்தேன். அவர் யாழ்ப்பாணத்தில் வரலாறு படிப்பித்தவர். சான்றிதழ்கள் எல்லாம் இடம்பெயர்வில் தொலைந்துவிட்டன. ஆசிரியர் என்பதை எப்படி நம்புவது என்று யோசித்த விசாரணை அதிகாரி, கடைசியாக எடுத்த பாடத்தைச் சொல்லச் சொல்லியிருந்தார்.

"சபை கூடும், பேசுவினம். ஆனா வாய் திறக்க முதல் பேரரசர் அகஸ்டஸின்ரை முகத்தைப் பாப்பினம்," என்றார் மாஸ்ரர். "பிறகு வந்த திபேரியஸ் காலத்தில காட்டிக்குடுக்கிறதே ஒரு தொழிலாப் போச்சு. விருந்தில கதைச்ச கதைக்கும் வழக்கு."

இந்தப் பாடம்தான் அவருக்கு வினையானது. ஊரில் துப்பாக்கி வைத்திருந்தவர்களைக் குத்திக்காட்டுகிறார் என்று யாரோ அவர்களிடமே போய்ச் சொல்லிவிட்டார்கள். அவர்கள் மாஸ்ரரை இரண்டு நாள் பிடித்து வைத்திருந்தார்கள். வெளியே வந்ததும் மனைவியையும் மகள்களையும் மாமனார் வீட்டில் விட்டுவிட்டுப் புறப்பட்டவர், அவர்களைப் பார்த்து ஒன்றரை வருடமாகியிருந்தது.

காட்டிக்கொடுத்தது யார் என்று தெரியுமா என்றார் அதிகாரி. "ஓம், என்னோட படிப்பிச்சவர்." பெயர்? மாஸ்ரர் வேண்டாம் என்று கையசைத்தார். பெயரைச் சொன்னால் வழக்கு வலுக்கும் என்று அவருடைய வழக்கறிஞர் என் மூலமாகவே அவருக்குச் சொன்னார். எனக்கே அவரை உலுக்கவேண்டும் போலிருந்தது. ஆனால் மொழிபெயர்ப்பவள் தன் பங்குக்கு ஒரு சொல்லும் சேர்க்கக்கூடாது.

"அவரின்ரை பிள்ளையள் இன்னும் அங்கைதான். அவரையும் வெருட்டித்தான் கேட்டிருப்பினம். பேரை இங்கை எழுதிவைச்சா, பிறகு அவருக்கும் எனக்கும் என்ன வித்தியாசம்?"

அதை ஆங்கிலத்தில் சொல்லி முடித்தேன். அதிகாரி பேனாவைக் கீழே வைத்தார்.

சில வாரங்களில் அவரை அகதியாக ஏற்றுக்கொண்டதாகக் கடிதம் வந்தது. பல மாத அலைச்சலின்பின் குடும்பமும் வந்து சேர்ந்தது.

மூன்று வருடங்கள் கழித்து, ஒரு கல்யாண வீட்டில் மாஸ்ரரைக் கண்டேன். காட்டிக்கொடுத்த அந்த மனிதரும் கனடா வந்துவிட்டாராம்; ரொறன்ரோவின் அஜின்கோர்ட் பகுதியில் ஒரு மரக்கறிக் கடையில் எதிர்ப்பட்டாராம்.

"என்ன கதைச்சனீங்கள்?"

"சுகமோ எண்டு கேட்டன், பிள்ளை. மனுசன் முதல்ல சுத்திவரப் பாத்தார். பிறகுதான் சுகம் எண்டவர்."