முனியப்பனுக்குக் கட்டிய மஞ்சள் நூல்

பொன்னாத்தா அக்காளைப் பத்திக் கேட்டா எங்கூருல என்ன சொல்லுவாங்க தெரியுமுங்களா? "அதானுங்க, கெழட்டுக் கோழிக்கு உக்காந்து கால் கழுவி உட்டுட்டு இருந்துச்சே, அந்தப் பொம்பள." கேக்கறப்பவே எனக்கு எரிச்சல் பொத்துக்கிட்டு வரும். எதுக்காகக் கழுவுனான்னு ஒருத்தனுக்காச்சும் தெரியுமா? எனக்குத் தெரியும். தெரிஞ்சும் வாய் தொறக்காம இருந்த கழுதை நான்.

சங்ககிரி மலை தெரியற தோட்டத்துல அவ ஊடும் எங்கூடும் பக்கத்துப் பக்கம், நடுவால ஒரு கிளுவ வேலி. என்னைய உட அஞ்சு வயசு மூத்தவ. மூணு கொழந்த பொறந்து மூணும் தங்கல. நாலாவதா வந்தவதான் சௌந்திரம். புருசன் மருதாசலம் கெணத்துல கவலை ஓட்டித் தண்ணி எறைக்கப் போயிட்டா, தாயும் மகளும் வாசலே கதின்னு கோழிகளோட கெடப்பாங்க. அந்தப் புள்ளதான் அவளுக்கு உசுரு.

யுவ வருசம் ஐப்பசியில சௌந்திரத்துக்கு வெசக்காச்சல் வந்துச்சு. ஆறு வயசுப் புள்ள, ஒம்பது நாள் கண்ணு தொறக்கல. பத்தாம் நாள் காலைல அக்கா இன்னும் முட்டைக்கு வராத ஒரு செவப்பு வெடக்கோழியப் புடிச்சு, மஞ்ச நனைச்ச நூலை அதோட எடது கால்ல கட்டுனா. "முனியப்பா, எம்புள்ளையக் குடுத்துரு, இது உனக்கு"ன்னு சொல்லிக் கட்டுனா. எங்க பக்கம் கோழி நேந்து உட்டா அப்படித்தானுங்க. கோயில் நோம்பியன்னைக்குச் சாமி முன்னால பூசாரிதான் அந்த நூலை அறுக்கோணும். வேற கை பட்டா நேத்தி முறிஞ்சு போச்சுன்னு அர்த்தம். மூணு நாள் கழிச்சு புள்ள எந்திரிச்சு கஞ்சி கேட்டுச்சு.

மாசில நோம்பி வரும், கோழியக் குடுத்துட்டாச் சரின்னு இருந்தோம். ஆனா எங்கூரு ஆம்பளைங்க இருக்காங்களே! முதல் மருவாதி உனக்கா எனக்கான்னு ரெண்டு பங்காளிங்க முட்டிக்கிட்டு, அந்த வருசமும் நோம்பி நின்னுச்சு, அடுத்த வருசமும் நின்னுச்சு. முனியப்பன் பட்டினி கெடந்தான், கோழி வளந்துச்சு.

வெடையில கட்டுன நூலுங்க. கோழி பெருத்தா நூலும் பெருக்குமா? செதிலுக்கடியில போயி, தோலுக்குள்ள புதைஞ்சு, கால் வீங்கிப் போச்சு. வெரலு மடங்காது. ஒத்தக்கால ஊனி மத்ததை இழுத்துட்டு நடக்கும். தொப்பு, சர்ரு. தொப்பு, சர்ரு. சௌந்திரம் அது பின்னாலயே அதே மாதிரி காலை இழுத்துட்டு நொண்டி நடப்பா. நான் சிரிப்பேன். அக்கா மட்டும் "அப்படி நடக்காத சாமி"ன்னு ஓடி வந்து தூக்கிக்குவா. ஊனப்பட்ட கோழிய முனியப்பன் ஏத்துக்க மாட்டான். நூலை அவுத்தாலும் குத்தம். குடுத்த புள்ளையத் திருப்பிக் கேட்டுருவானோன்னு அவளுக்கு உள்ளுக்குள்ள நடுக்கம்.

"வேற கோழியக் குடுத்தா என்னக்கா?"ன்னேன்.

"நான் சொன்னது இதைத்தான குப்பாயி"ன்னா.

ஈஸ்வர வருசம் ஆடி மாசம், ஒரு நாள் உச்சிப்பொழுது. தாயும் மகளும் களையெடுக்கப் போயிருந்தாங்க. கோழி நெழல்ல கெடந்துச்சு, கால்ல ஈ மொச்சுட்டு இருந்துச்சு. எனக்குப் பொறுக்கல. வேலியத் தாண்டிப் போயி, வெந்நியில அந்தக் காலை ஊறவெச்சு, கத்தி நுனியால தோலுக்குள்ள நூலைத் தேடி அறுத்தேன். வேப்பெண்ணையும் மஞ்சளும் அப்பி உட்டேன். வாயில்லாச் சீவனை இப்படி வதைச்சா ஒரு சாமி கும்புடறதுன்னு வஞ்சுட்டே, நூலைச் சுருக்குப்பையில போட்டுட்டு வந்தேன்.

பத்து நாள்ல கோழி ஒழுங்கா நடந்துச்சு. பதினாறாம் நாள் சௌந்திரத்துக்கு ஒடம்பு சுட்டுச்சு. அதே காச்சல். இருவதாம் நாள் மண்ணுக்குள்ள வெச்சோம்.

"நாந்தான் கொன்னுட்டேன், நாந்தான்"னு அக்கா மாரடிச்சு அழுதா. பக்கத்துல உக்காந்திருந்த நான் வாயைத் தொறக்கவே இல்லீங்க.

அந்தக் கோழிய அவ யாருக்கும் குடுக்கல, அறுக்கவும் இல்ல. வயசாக ஆக, நூல் பட்ட காலுக்கு வலு பத்தாம பாரமெல்லாம் நல்ல கால்ல எறங்கி, அதோட உள்ளங்கால்ல ஆணி கெளம்பிருச்சு. நகமெல்லாம் வளஞ்சு போச்சு. மறுபடியும் நொண்ட ஆரம்பிச்சுச்சு. அக்கா தெனமும் மத்தியானம் உப்புப் போட்ட வெந்நியில ரெண்டு காலையும் வெச்சுக் கழுவி, எண்ணெ தடவி, ஆணி மேல பழந்துணி சுத்தி உடுவா. மேல ஏறி அடைய முடியாதுன்னு தரையில வைக்கோல் பரப்பிப் படுக்க வெப்பா. ஊரு சிரிச்சுச்சு. நான் வேலிக்கு இந்தப் பக்கம் நின்னு சுருக்குப்பையைத் தொட்டுத் தொட்டுப் பாத்துக்குவேன்.

வெள்ளக்காரன் சண்டைக்கு ஆள் சேத்துட்டு இருந்த காலத்துல கோழி செத்துச்சு. மறுநாள் உச்சிப்பொழுதுல நான் கம்பு இடிச்சுட்டு இருந்தேன். உலக்கைய நிறுத்துனா, வேலிக்கு அந்தப் பக்கம் தொப்பு, சர்ரு. எட்டிப் பாத்தேன், வெறும் வாசல். அப்பறம் மறுபடியும் தொப்பு, சர்ரு. அது பின்னாலயே, கொஞ்சம் சன்னமா, இன்னொரு தொப்பு, சர்ரு. உலக்கையக் கீழ போட்டுட்டேன்.

தெனமும் கேட்டுச்சு. பத்து நாளைக்கு மேல என்னால தாங்க முடியல. நூலை எடுத்துட்டுப் போயி அக்கா முன்னால உக்காந்தேன்.

"நாந்தான் அறுத்தேன்க்கா. என்னையக் கொன்னு போட்டுரு."

அவ நூலை வாங்கிப் பாத்தா. அவ போட்ட முடிச்சு அப்படியே இருந்துச்சு.

"அன்னைக்குப் பொழுதோட களையெடுத்துட்டு வந்தப்பவே நூல் போனது தெரியும் குப்பாயி. வேற நூலு நனைச்சுக் கட்டத்தான் போனேன். கோழி அந்தக் காலை மெல்ல ஊனிப் பாத்துச்சு. சௌந்திரம் கை தட்டிச் சிரிச்சா. 'கட்டாதம்மா'ன்னா. நான் கட்டல."

அவ என்னைய வெளக்குமாத்தால அடிச்சிருந்தா நிம்மதியா ஊட்டுக்கு வந்திருப்பேன். அழுகைய அடக்க முடியாம, மத்தியானத்துல கேக்கற சத்தத்தையும் சொல்லிட்டேன். அவ என் கையை இறுக்கிப் புடிச்சுக்கிட்டா.

"சௌந்திரம் நடக்கற சத்தமுமா கேக்குது? எனக்குக் கேக்கவே மாட்டேங்குதே குப்பாயி."

மறுநாள் உச்சிப்பொழுதுக்கு வந்து என் உரலோரம் உக்காந்தா. அன்னைக்கோட அந்தச் சத்தம் எனக்கும் நின்னு போச்சு. அவ சாகற வரைக்கும் தெனம் வந்து, "இப்பக் கேக்குதா?"ம்பா.

"கேக்குதுக்கா"ம்பேன்.