உள்ளே மடித்த ஒரு சாண்

கண்டியில் நான் போகும் தையல் வகுப்பில் இன்று ஒட்டுத்துணிப் போர்வைக்கு நட்சத்திரக் கட்டம் தைக்க ஒரு புது முறை காட்டினார்கள். இரண்டு சதுரத் துணிகளை முகத்தோடு முகம் வைத்து நான்கு பக்கமும் தைத்து மூட வேண்டும்.

"இப்ப மூலைக்கு மூலை வெட்டுங்க, பிரிச்சா நாலு ரெட்டைக்கலர் சதுரம் வரும்" என்றார் டீச்சர்.

தைத்து முடித்ததையா? பக்கத்து மேசையில் கத்தரிக்கோல் ஓடும் சத்தம் கேட்டதும் என் கை நின்றுவிட்டது.

சின்ன வயதில் நாங்கள் இருந்தது தெல்தோட்டைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்ட லயத்தில், ஒரே கூரைக்குக் கீழே வரிசையாக வீடுகள். தீபாவளிக்கு அம்மா தைத்த மஞ்சள் பூப்போட்ட கவுன் கொடியில் தொங்கியது. நான் வளர வளர இறக்கிவிடலாம் என்று அடியில் ஒரு சாண் துணியை உள்ளே மடித்துத் தைத்திருந்தார். தீபாவளியன்று காலை கண் விழித்தபோது, அதே மடிப்பை அம்மா வெட்டிக்கொண்டிருந்தார்.

"என்னோட கவுனும்மா."

"பக்கத்து வீட்டு அக்காவோட புள்ள பொறந்து மூச்சே விடல. உசுரோட இருந்தா சுத்துறதுக்குப் பழைய சேலை போதும். பொதைக்கிறதுக்குப் புதுத்துணி வேணும். கடையெல்லாம் பூட்டு."

சற்று நேரத்தில் என் மஞ்சள் பூக்களில் சுற்றி அந்தப் பிள்ளையைத் தூக்கிப் போனார்கள்.

அடுத்த வருடம் நான் வளர்ந்திருந்தேன். இறக்கிவிட மடிப்பு இல்லை.

"வெட்டுங்க அக்கா, ஒண்ணும் ஆகாது" என்றாள் பக்கத்து மேசைப் பெண்.

கத்தரிக்கோலை அவளிடம் கொடுத்தேன்.