ஜொசையாவுக்கு முதல் வைத்த பேர்

போன கிழமை மகன் ஒரு சின்னப் பெட்டியைக் கொண்டுவந்து மேசையில் வைத்தான். உள்ளே ஒரு பிளாஸ்ரிக் குழாய். அதில் துப்பி, மூடி, தபாலில் போட்டுவிட்டால் எங்கள் முன்னோர் எந்தெந்தத் தேசத்தில் திரிந்தார்கள் என்று நிறம் தீட்டிய படம் கைத்தொலைபேசிக்கு வந்துவிடுமாம். "அம்மா, நீங்களும் துப்புங்கோ" என்றான். துப்பினேன். இந்த வயதில் பிள்ளைகள் சொல்லி நான் செய்கிற காரியங்களில் இது ஒன்றும் மோசமானதல்ல. ஆனால் மூடியைத் திருகுமுன் ஏனோ குழாயை மூக்குக்குக் கிட்டக் கொண்டுபோய் மணந்து பார்த்தேன். ஒரு மணமும் இல்லை.

வம்சத்துக்கு மணம் உண்டு என்று நம்புகிறவள் நான். காய்ந்த அரக்கு, பூச்சி அரித்த கடதாசி, வௌவால் எச்சம், எல்லாம் கலந்த ஒரு மணம். யாழ்ப்பாணம் நீதிமன்றத்துப் பதிவறைக்குள் முதன்முதலில் நுழைந்த அன்று அந்த மணத்துக்குத் தும்மத் தொடங்கியவள், வீட்டுக்குப் போய் மல்லித்தண்ணி குடிக்கும்வரை நிறுத்தவில்லை.

அப்போது நான் அம்பலவாணர் என்ற புறக்டரிடம் தட்டெழுத்துக்காரியாக வேலைக்குச் சேர்ந்திருந்தேன். புறக்டர் என்ற வழக்கறிஞர் பட்டத்தை அரசாங்கம் எப்போதோ எடுத்துவிட்டது. ஆனாலும் யாழ்ப்பாணத்துச் சனம் அவரிடமிருந்து அதைப் பறிக்கவில்லை. நீதிமன்றத்துக்குப் பின்னால் ஓர் ஒழுங்கையில் அவருடைய கந்தோர். காணி உறுதிகளும் மரணசாதனங்களும்தான் எங்கள் பிழைப்பு. சேர்ந்த புதிதில் 'மரணசாதனம்' என்று அடிக்க வேண்டிய இடத்தில் ஓர் எழுத்தை விழுங்கி 'மரணசாதம்' என்று அடித்துவிட்டேன். ஐயா மூக்குக்கண்ணாடிக்கு மேலால் என்னைப் பார்த்தார். "பிள்ளை, அந்த மனிசன் சாகமுதல் சொத்தை எழுதினவர். நீர் அவருக்குச் சோறு போட்டிட்டீர்."

அந்தக் கந்தோருக்குத்தான் ஒருநாள் மிஸ் ஹாட்வெல் வந்தார். நேசமலர் ஹாட்வெல். மானிப்பாய்ப் பக்கம். பூமிசாத்திரம் படிப்பித்து ஓய்வுபெற்றவர், கலியாணம் செய்யாதவர். வெள்ளைச் சேலையைக் கணுக்காலுக்குமேல் ஒதுக்கிப் பிடித்துக்கொண்டு, வெய்யிலையும் பொருட்படுத்தாமல் சைக்கிளில்தான் வந்தார். என் வயதுக்காரியாக இருந்தால் பொறாமைப்பட்டிருப்பேன். அறுபது கடந்தவராக இருந்ததால் வாய் திறந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவருடைய பேரைப் பற்றி ஒரு சொல் சொல்லவேண்டும். அமெரிக்கப் பாதிரிமார் யாழ்ப்பாணத்தில் பள்ளிக்கூடம் வைத்த காலத்தில், அங்கே தங்கிப் படித்த பிள்ளைகளின் செலவை அமெரிக்காவிலிருந்து யாராவது ஏற்பார்கள். ஏற்றவர் சொல்லும் பேரைப் பிள்ளைக்கு வைப்பார்கள். அப்படித்தான் மிஸ்ஸின் பூட்டன், கரவெட்டித் தோட்டக்காரர் ஒருவரின் மகன், ஜொசையா ஹாட்வெல் ஆனார்.

மிஸ் பல வருடமாக அமெரிக்காவில் மசாசூசெற்ஸ் பக்கத்துக்குக் கடிதம் எழுதி, அந்த ஹாட்வெல்மாரின் பழைய மரணசாதனங்களின் பிரதிகளை எடுப்பித்து வைத்திருந்தார். அவர்கள் பியூரிட்டன்கள். இங்கிலாந்துக் கோயில்களின் ஆடம்பரம் பிடிக்காமல் கப்பலேறிப் போனவர்கள். கிறிஸ்து பிறந்த நத்தாரைக்கூடக் கொண்டாடாத கடும் சனம். முதல் போனவர் ஒரு தச்சன். அவருடைய மரணசாதனத்தை மிஸ் எங்களுக்குத் தமிழில் சொல்லிக்காட்டினார். ஆத்துமா கடவுளுக்கு, உடம்பு மண்ணுக்கு, சிவத்தப் பசு மூத்தவனுக்கு. மனைவிக்குச் சாகும்வரை கிழக்குப் பக்கத்து அறை, அடுப்புக்கு விறகு வெட்டி வாசலில் கொண்டுவந்து போடவேண்டும்.

"இது எங்கடை சீவிய உருத்துத்தானே" என்றார் ஐயா. மனைவிக்குச் சாகும்வரை அனுபவிக்கும் உரிமையை எங்கள் உறுதிகளில் அப்படித்தான் எழுதுவோம். நாங்கள் அதை நாள்தோறும் அடித்துக்கொண்டிருந்தோம். விறகு பற்றி மட்டும் எங்கள் ஊரில் யாரும் எழுதியதாக எனக்கு நினைவில்லை. யாராவது எழுதியிருக்கலாம்.

தச்சனின் சாமான்களில் ஒரு பெரிய வெள்ளீயத் தட்டம் இருந்தது. மிஸ் அதைப் பிடித்துக்கொண்டுதான் வம்சம் முழுவதையும் இறங்கி வந்திருந்தார். ஒரு மரணசாதனத்தில் அது மகனுக்கு, அடுத்ததில் பேரனுக்கு, பிறகு ஒரு மருமகளுக்கு. கடைசியில் அபிகேல் என்ற விதவையிடம் வந்து நிற்கிறது. அவளுடைய ஒரே மகன் ஜொசையா சின்ன வயதிலேயே காய்ச்சலில் செத்துப்போனான். அவனுடைய பேரை வைக்கச் சொல்லித்தான் அவள் யாழ்ப்பாணத்துப் பிள்ளை ஒன்றைப் படிப்பித்தாள். சாகும்போது, 'என் மகனின் பேரைச் சுமந்து இலங்கைத் தீவில் இருக்கிறவனுக்கு என் தட்டம்' என்று எழுதிவைத்தாள்.

இதைச் சொல்லும்போது மிஸ்ஸின் குரல் கொஞ்சம் இறங்கியது. "அது இஞ்சை வந்து சேந்ததோ எண்டு எனக்குத் தெரியவேணும், சேர். பூட்டன் மரணசாதனம் எழுதியிருந்தால் அதிலை இருக்கும்."

ஐயா கேட்டார்: "ஜொசையா எண்டு வைக்கமுதல் அவருக்கு என்ன பேர், மிஸ்?"

"தெரியாது. வீட்டிலை ஒருதரும் சொல்லேல்லை. நானும் கேக்கேல்லை."

மசாசூசெற்ஸில் சிவத்தப் பசு வைத்திருந்தவன் பேர் தெரியும், தன் பூட்டனின் பேர் தெரியாது. வேறு யாராக இருந்தாலும் சிரித்து மழுப்பியிருப்பார்கள். மிஸ் அன்றைக்கே தேடுதலுக்கு விண்ணப்பம் எழுதித் தரச்சொன்னார். இரண்டையும் தேடப்போகிறேன் என்றார், தட்டத்தையும் பேரையும்.

அப்படித்தான் நான் அவரோடு பதிவறைக்குப் போகத் தொடங்கினேன். பழைய கையெழுத்து வாசிக்க ஐயா எனக்குப் பழக்கியிருந்தார், மிஸ்ஸுக்குக் கண் கொஞ்சம் மங்கல். நீதிமன்றத்துக்குப் பக்கத்தில்தான் கோட்டை. கோட்டைக்குள் ராணுவம். திடீரென்று பீரங்கிச் செல் அடிக்கத் தொடங்கும். முதல் சத்தத்துக்கே நான் பெரிய மேசைக்குக் கீழே போய்விடுவேன். மிஸ்ஸும் வருவார், ஆனால் சும்மா வரமாட்டார். ஒருநாள் சுவர் அதிர்ந்து எங்கள் தலையில் சுண்ணாம்பு கொட்டியது. நான் தெரிந்த கடவுள்களையெல்லாம் கூப்பிட்டுக்கொண்டிருக்க, அவர் சொன்னார்: "பிள்ளை, கை எட்டுமெண்டால் உந்தக் கடதாசிக் கட்டையும் இழுத்து விடும். சும்மாதானே இருக்கிறம்."

நான் இழுத்துவிட்டேன். சிவப்பு நாடாவை அவிழ்த்துக்கொண்டே அவர் தும்மினார். அதற்கு எனக்குச் சிரிப்பு வந்தது. அந்த மேசைக்குக் கீழே பயத்தோடு சிரித்த சிரிப்பைப்போல் பிறகு நான் சிரித்ததில்லை.

ஜொசையாவின் மரணசாதனம் ஒரு மழைநாளில் அகப்பட்டது. தமிழில், அழகான கையெழுத்தில் இருந்தது. நான் வாசிக்க மிஸ் கேட்டுக்கொண்டிருந்தார். 'கரவெட்டி வேலாயுதர் மகன் ஜொசையா ஹாட்வெல்' என்று தொடங்கியது. 'நான் கிறிஸ்து வேதத்தில் சேர்ந்தபோது என் தகப்பனார் எனக்கு வாசற்படலையைச் சாத்தினார். அவர் முதுசக் காணியில் நான் ஒன்றும் எடுத்தவனல்லன். என் பிள்ளைகளும் கேட்கலாகாது. அமெரிக்காவிலிருந்து என் பேருக்கு வந்த வெள்ளீயத் தட்டத்தைக் கரவெட்டியில் இருக்கும் என் தம்பி பிள்ளைகளுக்குக் கொடுப்பது.'

மிஸ் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "வந்திருக்கு பிள்ளை. வந்து சேந்திருக்கு." கண்ணாடியைத் திரும்பப் போட்டுக்கொண்டு கேட்டார்: "பேர்?"

பேர் இல்லை.

கரவெட்டிக்குப் போகப்போகிறேன் என்றதும் ஐயா தடுத்தார். "காணிக்குப் பங்கு கேக்க வந்தனீங்கள் எண்டுதான் நினைப்பினம், மிஸ். கத்தி எடுத்தாலும் எடுப்பினம்." யாழ்ப்பாணத்தில் வேலிக்கதியால் ஒரு சாண் தள்ளி நடப்பட்டதற்கு அண்ணன் தம்பி வெட்டுப்பட்ட வழக்குகள் எங்கள் கந்தோரிலேயே கிடந்தன. மிஸ் கேட்டுவிட்டுத் தலையாட்டினார். அடுத்த சனிக்கிழமை கரவெட்டி போகும் வசு ஏறினார். துணைக்கு நானும்.

வேலாயுதர் வழி எது என்று விசாரித்துப் போய்ச் சேர்ந்த வீட்டில் கந்தையர் என்பவர் வெங்காயம் பிடி கட்டிக்கொண்டிருந்தார். நெற்றி நிறையத் திருநீறு. மிஸ் தன்னை யாரென்று சொன்னதும் கையிலிருந்த பிடியைக் கீழே வைத்தார்.

"காணி விசயமோ?"

"இல்லை. காணி கேக்க எங்களுக்கு உருத்தில்லை, பூட்டனே எழுதிவைச்சவர். நான் ஒரு தட்டத்தைத் தேடி வந்தனான்."

கந்தையர் மனைவியைத் திரும்பிப் பார்த்தார். அந்த அம்மா உள்ளே போனார். சாமியறையிலிருந்து கொண்டுவந்தது திருநீற்றுத் தட்டம். கறுத்து, விளிம்பு நெளிந்து, நடுவில் மலைபோலத் திருநீறு. வாழையிலையில் திருநீற்றைக் கொட்டிவிட்டுத் தட்டத்தைக் கவிழ்த்துக் காட்டினார். அடியில் தேய்ந்த இங்கிலிஸ் எழுத்து இரண்டு. நத்தார்கூடக் கொண்டாடாத பியூரிட்டன் தச்சன் தன் தட்டம் சிவபெருமானுக்கு எடுபிடியாகப் போனதைக் கண்டிருந்தால் என்ன சொல்லியிருப்பாரோ. மிஸ் விரலால் எழுத்தைத் தடவிக்கொண்டே இருந்தார்.

"வேதத்துக்குப் போன பெரியப்பர் ஒருதர் குடுத்ததெண்டு அப்பு சொல்லுறவர்" என்றார் கந்தையர். "உங்கடை பொருளெண்டால் கொண்டு போங்கோ ரீச்சர்."

"வேண்டாம். எழுதினபடி இஞ்சை இருக்கட்டும்" என்றார் மிஸ். "எனக்குப் பூட்டன்ரை பேர் தெரிஞ்சால் போதும். வீட்டிலை வைச்ச பேர்."

கந்தையருக்குத் தெரியவில்லை. மனைவியைக் கேட்டார், அவருக்கும் தெரியவில்லை. மிஸ் சரி என்று எழுந்தார். வெங்காயத் தோட்டத்துக்குள்ளால் வழி காட்டிக்கொண்டு வந்த கந்தையர் கிணற்றடியில் நின்றுவிட்டார்.

"ரீச்சர், உந்தக் காணித் துண்டுக்கு ஆறுமுகத்தான் துண்டெண்டு பேர். நாங்கள்தான் தோட்டம் செய்யிறம், ஆனால் ஒருதருக்கும் சீதனமாய்க் குடுக்கிறேல்லை, பிரிக்கிறதுமில்லை. அது அவன்ரை பங்கெண்டு அப்பு சொல்லுவார். ஆர் அந்த ஆறுமுகத்தான் எண்டு நாங்கள் கேட்டதில்லை."

படலையைச் சாத்திய தகப்பன் பங்கை மட்டும் எடுத்து வைத்திருக்கிறார். மகன் கேட்கவில்லை, தகப்பன் கொடுக்கவில்லை. இரண்டு பேரும் செத்து நூறு வருடமாகியும் அந்தத் துண்டுக்குத் தண்ணீர் பாய்ந்துகொண்டிருந்தது.

"ஆறுமுகம்" என்றார் மிஸ். வகுப்பில் புதுப் பிள்ளையின் பேரை முதல்முறை கூப்பிடுவதுபோல, கவனமாக. பிறகு கிணற்றுக்கட்டில் இருந்து அழுதார். கந்தையர் செம்பில் தண்ணீர் அள்ளிக் கொடுத்தார். "குடியுங்கோ அக்கா." அதற்குப் பிறகு அவர் ரீச்சர் என்று கூப்பிட்டதை நான் கேட்கவில்லை.

அடுத்த வருடம், எண்பத்தேழு வைகாசியில், கரவெட்டி இருக்கும் வடமராட்சிக்குள் ராணுவம் இறங்கியது. அங்கத்தைய சனம் கையில் அகப்பட்டதோடு எங்கள் பக்கம் ஓடிவந்தது. கந்தையர் குடும்பமும் பக்கத்து வீட்டுக்காரரும் உழவு இயந்திரம் ஒன்றில் வந்து மானிப்பாயில் மிஸ்ஸின் வீட்டுக்கு முன்னால் இறங்கினார்கள். நான் அன்று அங்கே இருந்தேன். படலையைத் திறந்துகொண்டு மிஸ் வெளியே வர, கந்தையர் கூச்சத்தோடு, "அக்கா, கனபேராய் வந்திட்டம்" என்றார். "வீடு கிடக்குத்தானே" என்றார் மிஸ். கந்தையரின் மனைவி மடியில் ஒரு பழைய சேலை மூட்டை வைத்திருந்தார். அதற்குள் தட்டம்.

அவர்கள் இருந்த காலம் முழுதும் மிஸ் வீட்டில் மச்சம் சமைக்கவில்லை. மீன் இல்லாமல் ஒரு நேரம் சாப்பிடாத மனுசி. நான் கேட்டதற்கு, "பூசணிக்காய் ஒண்டும் கெட்ட சாப்பாடில்லை, பிள்ளை" என்றார். ஆனாலும் ஒரு மத்தியானம் எங்கள் வீட்டுக்கு வந்து இரண்டு துண்டு பாரைமீனை ஆறுதலாக இருந்து சாப்பிட்டுவிட்டுப் போனார்.

தொண்ணூற்றைந்தில் எங்கள் முறை வந்தது. ஊர் முழுவதும் ஓர் இரவில் எழும்பித் தென்மராட்சிக்கு நடந்தது. மிஸ் எங்களோடு வந்தார். கொடிகாமத்தில் ஒரு பள்ளிக்கூடத்துச் சீமெந்து நிலத்தில் படுத்திருந்தோம். அவருக்குக் காய்ச்சல். எங்களிடம் பனடோல்கூட இல்லை. ஒருநாள் காலையில் வகுப்பறை வகுப்பறையாக ஒரு கிழவர் எட்டிப் பார்த்துக்கொண்டு வந்தார். வழியில் இருந்த பள்ளிக்கூடம் எல்லாம் தேடிவிட்டு வந்த கந்தையர்.

"அக்கா, எழும்புங்கோ. போவம்."

"நான் கன நாள் இருக்கமாட்டன், கந்தையா."

"இருக்கிறமட்டும் இருங்கோ."

சைக்கிள் கரியரில் தலையணை ஒன்றைக் கட்டி, மிஸ்ஸை அதில் இருத்தி, தள்ளிக்கொண்டே போனார். நான் கண்ட மிஸ் ஹாட்வெல்லின் கடைசிக் காட்சி அது. கரவெட்டியில் அவர் அடுத்த மழைக்காலம் வரை இருந்தாராம். சைவ வீட்டு விறாந்தையில் போதகர் ஒருவர் நின்று செபம் சொல்ல, கந்தையர் பிள்ளைகள் சவப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனார்களாம். கேட்டதைத்தான் சொல்கிறேன். அப்போது நான் கொழும்புக்கு வந்துவிட்டேன்.

கந்தையரும் இப்போது இல்லை. ஐயா வவுனியாவில் மகள் வீட்டில் காலமானார். மிஸ்ஸின் வீட்டுக்கு ஓடும் இல்லை, நிலையும் இல்லை. கடிதம் கடிதமாக எழுதி அவர் சேர்த்த பிரதிகள் எந்த அடுப்புக்குப் போயினவோ. ஆனால் அவற்றின் மூலங்கள் மசாசூசெற்ஸில் இரும்பு அலுமாரிக்குள் பத்திரமாக இருக்கும். யாராவது கேட்டால் எடுத்துக் கொடுப்பார்கள். எங்கள் பதிவறை கோட்டையைச் சுற்றி நடந்த சண்டையில் போய்விட்டது. சிவப்பு நாடா கட்டிய அந்தக் கட்டுகளில் எத்தனை தகப்பன்மாரின் கோபமும் எத்தனை மகன்மாரின் வீம்பும் இருந்தன என்று இனி யாருக்கும் தெரியவராது.

பல வருடம் கழித்து ஒருமுறை நீதிமன்றம் இருந்த இடத்துக்குப் போனேன். எருக்கலையும் நாயுண்ணிச் செடியும் பற்றிப்போய்க் கிடந்தன. பதிவறை எந்தப் பக்கம் இருந்தது என்று கேட்க அந்தக் காலத்து மனிதர் ஒருவரும் இல்லை. ஒரு சுவரின் அடியைப் பார்த்து இதுவாகத்தான் இருக்கவேண்டும் என்று நினைத்தேன். பிறகு அங்கால் இருந்த ஒன்றாக இருக்கலாம் என்றும் பட்டது. இரண்டுக்கும் நடுவில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்தேன்.