எட்டு எண்ணிக்கை மௌனம்

தகாடா ஊர் இசைக்குழுவை முப்பத்தொரு வருஷம் நடத்தினார் குசகாபே. டோக்கியோவில் படித்தவர். பெரிய குழு ஏதாவது கூப்பிடும் என்று பார்த்தார், ஒன்றும் கூப்பிடவில்லை. பனி கொட்டுகிற சொந்த ஊருக்கே திரும்பினார். பல் வைத்தியர், தபால்காரர், நூடுல்ஸ் கடைக்காரர் என்று அறுபது பேரைச் சேர்த்து, பள்ளிக்கூடத்து விளையாட்டுக் கூடத்தில் ஒத்திகை வைத்தார். குழுவை நடத்தும் குச்சி கையில் இருந்தால் மனுஷன் சிங்கம். வீட்டில் இன்னும் கொஞ்சம் ஊறுகாய் கேட்கக்கூடக் கூச்சப்படுவார்.

அவர் எழுதியதில் ஒன்றே ஒன்றுதான் ஊருக்குப் பிடித்தது. பனியைப் பற்றியது. கடைசி ஸ்வரத்துக்குப் பிறகு எட்டு எண்ணிக்கை வெறும் மௌனம். அந்த மௌனத்துக்காகத்தான் மற்றதையெல்லாம் எழுதினார். ஆனால் ஒரு தடவைகூட அதை முழுசாகக் கேட்டதில்லை, பாவம். மூன்று எண்ணுவதற்குள் உரக்கடை நிஷிவாகி "பிராவோ" என்று கத்துவார், கூட்டமே கைதட்டிவிடும்.

"தப்பா எடுத்துக்காதீங்க வாத்தியாரே. அவ்வளவு நல்லா இருந்தா கை சும்மா கெடக்குமா?" என்று நிஷிவாகி தலை குனிவார். இவர் அதைவிடத் தாழக் குனிவார். பொருமல் எல்லாம் வீட்டில், மனைவி ஃபுமியேயிடம். அவளும் குழுவில் வியோலா, அதாவது கொஞ்சம் பெரிய வயலின், வாசிப்பவள்தான்.

எழுபத்திரண்டு வயதில் தோள் தேய்ந்து, இனி கையைத் தூக்கவே கூடாது என்றார் டாக்டர். கடைசிக் கச்சேரி. அன்று கேட்கவில்லையென்றால் இனி எப்போதும் இல்லை. அரங்கத்துப் பெண் ஒலிபெருக்கியில் குழைந்து அறிவித்தாள்: "வாத்தியார் கையை இறக்குற வரைக்கும் தயவுசெஞ்சு யாரும் தட்ட வேண்டாங்க."

பனி இசையின் கடைசி ஸ்வரம் அடங்கியது. மூன்று. ஐந்து. எட்டு. யாரும் தட்டவில்லை. எப்பேர்ப்பட்ட மௌனம் அது!

கையை இறக்க வேண்டும். இறக்கினால் எல்லாம் முடிந்தது. கை வரவில்லை. சொன்னால் சொன்னபடி நடக்கிற ஊர்; அறுநூறு பேர் இருமலை விழுங்கிக்கொண்டு காத்திருந்தார்கள். நிஷிவாகி தன் கைகள்மேலேயே உட்கார்ந்திருந்தார்.

"கை எறங்க மாட்டேங்குது," என்றார் குசகாபே, உதடு மட்டும் அசைய.

குழுவின் முன்வரிசையில் வியோலா வில்லைத் தூக்கியபடியே இருந்தாள் ஃபுமியே. "இருக்கட்டுங்க," என்றாள் மெதுவாக. "இத்தன வருஷம் நீங்க காத்திருந்தீங்க. இன்னிக்கு அவங்க காத்திருக்கட்டும்."

அவர் அழுதார். அரங்குக்கு முதுகுதானே தெரிகிறது, யார் பார்க்கப்போகிறார்கள் என்று நினைத்தார். எதிரே இருந்த அறுபது பேரும் பார்த்தார்கள். ஒருவர்கூட வாத்தியத்தை இறக்கவில்லை.