களிமண்ணில் விரல்கள்

நான் கட்டிய இன்ஜின் ஒன்று நாற்பது வருடமாக நிற்காமல் ஓடிக்கொண்டிருக்கிறது. அணைப்பதற்கு இன்னும் சாவி தேடுகிறார்கள். இதை நீங்கள் நம்ப வேண்டாம். என் மனைவியே நம்பவில்லை. ஆனால் இனி சொல்லப்போவது சத்தியமாக நடந்தது. அதுவும் பட்டப்பகலில்.

அன்று சனிக்கிழமை. மறுநாள் கால் மைல் நேர்ப்பாதையில் கார் பந்தயம். ஓட்டப்போவது என் மாப்பிள்ளை. ஓய்வு பெற்ற மெக்கானிக் மாமனார் சும்மாதானே கிடக்கிறார் என்று இன்ஜினை என் தலையில் கட்டிவிட்டார். மேஜைமேல் இரண்டு கேம்ஷாஃப்ட். வால்வுகளைத் தள்ளித் திறக்கும் தண்டு அது. ஒன்று புதிது, பரம சாது. மற்றொன்று மாப்பிள்ளை பழைய இரும்புக் கடையில் பிடித்து வந்தது. அதன் மேடு ஒவ்வொன்றும் ஒட்டகத் திமில். வால்வு எவ்வளவு அதிகம் திறக்கிறதோ அவ்வளவு வேகம். அளவு தப்பினால் வால்வு பிஸ்டனில் இடிக்கும். மாப்பிள்ளையின் முழங்காலுக்கு முன்னால் இன்ஜின் வெடிக்கும்.

"பெருசையே போடுங்க மாமா. சின்னதப் போட்டா சைக்கிள்காரன்கூட முந்திடுவான்."

எனக்கும் அதே ஆசைதான். குறுக்கே வந்தவன் என் மச்சான். லேத் பட்டறைக்காரன். மழை பெய்கிறது என்று நான் சொன்னால், கையை வெளியே நீட்டிப் பார்த்துத்தான் நம்புவான்.

"களிமண் வெச்சுப் பாருங்க அத்தான். அப்புறம் ஆசைப்படலாம்."

அது எங்கள் வழக்கம். பிஸ்டன் தலையில் பொம்மைக் களிமண்ணை அப்பி, மேல்மூடியான சிலிண்டர் ஹெட்டை மாட்டி முடுக்கி, இன்ஜினைக் கையால் இரண்டு சுற்று சுற்ற வேண்டும். பிறகு திறந்தால் களிமண்ணில் வால்வின் தடம் இருக்கும். தடத்தின் அடியில் மிஞ்சிய கனம்தான் இடைவெளி.

மணி 3:10. பெரிய தண்டைப் போட்டு மூடினேன். சுற்றினேன். எங்கும் தட்டவில்லை.

3:32. திறந்தோம். மூன்று மில்லிமீட்டர். தாராளம்! மாப்பிள்ளை விசிலடித்தார்.

பாதியில் நிறுத்தினார்.

வால்வுத் தடத்துக்குப் பக்கத்தில்... நான்கு விரல் தடம். ரேகையோடு.

"அப்பும்போது அழுத்தியிருப்பீங்க அத்தான்."

"நான் கையுறை போட்டிருக்கேன்டா."

புதுக் களிமண் வைத்தேன். கரண்டியால் தடவினேன். மூடுவதற்கு முன் மூன்று பேரும் டார்ச் அடித்துப் பார்த்தோம். வழவழவென்று இருந்தது. இந்த முறை மச்சான் சுற்றினான்.

க்ளக்... க்ளக்...

இரண்டாவது சுற்றில், உள்ளே ஒரு சத்தம்.

சர்ர்ர்க்... நகம் உரசுவது போல.

"பேரிங் இறுக்கம்," என்றான் மச்சான். நாங்கள் அவனை ஒரு கேள்வியும் கேட்கவே இல்லை.

4:05. திறந்தோம்.

எட்டு விரல்.

இரண்டு கை.

மாப்பிள்ளை சின்னத் தண்டை எடுத்து நீட்டினார். "மாமா... இதையே போடுங்க."

போட்டுச் சோதித்தோம். வால்வுத் தடம் மட்டும்தான் இருந்தது.

மறுநாள் மாப்பிள்ளை கடைசியாக வந்தார். முழுசாக வந்தார்.

திங்கட்கிழமை அந்தப் பெரிய தண்டோடு இரும்புக் கடைக்குப் போனேன். கடைக்காரர் அதைக் கையில் வாங்கவில்லை. அது இருந்த இன்ஜின் முதல் ஓட்டத்திலேயே வெடித்ததாம். ஓட்டிய பையன் பிழைக்கவில்லை. பந்தயத்துக்கு நேரமாகிவிட்டதென்று, களிமண் வைக்காமலே மூடியிருக்கிறார்கள்.

மூடியவர்... அவனுடைய மாமனார்.

இதை நான் சொல்லும்போதெல்லாம் மச்சான் சிரிப்பான். "போன வாரம் எட்டு விரல். இந்த வாரம் எத்தனை அத்தான்?" என்பான். என் வாய் அப்படி. நான் என்ன செய்ய?

போன மாதம் மட்டும் அவன் சிரிக்கவில்லை. மற்றவர்கள் எழுந்து போகும்வரை காத்திருந்தான்.

"நடந்தது நெசம் அத்தான். அந்தச் சத்தம் கேட்டதும் நான் கைய எடுத்துட்டேன்..."

"அப்புறம்?"

"மீதிய நான் சுத்தல."